ஃபிளைவீல் கார்: சுழலும் இரும்பிலிருந்து 43 மீட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு, எங்கள் தெருமுனைக் கல்யாண மண்டபத்தின் காங்கிரீட் தரையில் எங்கள் கார் 30 மீட்டர் கோட்டை 8.8 வினாடியில் தாண்டியது. அதன் பிறகும் உருண்டு போய் 43-வது மீட்டரில்தான் நின்றது. அதில் பேட்டரி கிடையாது, பெட்ரோல் கிடையாது, மோட்டாரே கிடையாது. உள்ளே இருப்பது ஒன்றே முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள ஓர் இரும்பு வட்டு, அதுதான் ஃபிளைவீல். கிளம்புவதற்கு முன் கை டிரில்லால் அதைச் சுற்றிவிடுகிறோம், அவ்வளவுதான். இதற்கு ஐந்து வாரமும் 3,600 ரூபாயும் ஆனது. அந்த ஐந்து வாரத்தில் என்னென்ன செய்தோம், எங்கே வழி தவறினோம் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

அக்கா மகன் கோவையில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவனும் நண்பர்கள் மூன்று பேரும் தங்களுக்குள் ஒரு பந்தயம் வைத்துக்கொண்டார்கள். ஃபிளைவீலில் சேர்த்த சக்தியால் மட்டும் ஓடும் வண்டி, 30 மீட்டர் நேர்ப்பாதை, ஸ்பிரிங்கோ ரப்பர் முறுக்கோ கூடாது. "மாமா, லேத் வேலைக்கு நீங்க கூட இருந்தாப் போதும்" என்று கேட்டான். எனக்கு அதற்கு மேல் தூண்டுதல் தேவைப்படவில்லை. 2010-ல் நூர்பர்க்ரிங் 24 மணிநேரப் பந்தயத்தில் போர்ஷே 911 ஜிடி3 ஆர் ஹைப்ரிட் ஓடியது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை, ஓட்டுநருக்குப் பக்கத்தில் நிமிடத்துக்கு 40,000 சுற்று வரை சுழலும் ஒரு ஃபிளைவீலில் சேர்த்து வைத்து, வளைவு முடிந்ததும் முன் சக்கரங்களுக்குத் திருப்பிக் கொடுத்த கார் அது. பல மணிநேரம் முதலிடத்தில் ஓடி, முடிவதற்கு இரண்டு மணிநேரத்துக்கும் குறைவாக இருந்தபோது நின்றுபோனது. நிறுத்தியது பெட்ரோல் இன்ஜின் கோளாறு, ஃபிளைவீல் அல்ல. அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்தே இப்படி ஒன்றைக் கையால் செய்து பார்க்கும் ஆசை எனக்கு இருந்தது.

முதல் தவறு, காசு மிச்சம் பிடிக்கப் பார்த்தது. பழைய இரும்புக் கடையில் ஒரு மொபெட் மேக்னெட் வீலை 150 ரூபாய்க்கு வாங்கினேன். வட்டமாக இருக்கிறது, கனமாக இருக்கிறது, நடுவில் துளையும் இருக்கிறது. ஆனால் துளை சரிவானது. நேர் ஷாஃப்ட்டில் உட்கார வைக்கத் தகடு சுற்றி அடைத்தேன். டிரில்லை வைத்து முடுக்கியதும் வண்டி முழுவதும் அதிர்ந்து, மூன்றாவது ஓட்டத்தில் சேசிஸ் போல்ட் இரண்டு கழன்று விழுந்தன. ஓடிய தூரம் 11 மீட்டர். அதைவிட முக்கியமாக, உள்ளே இருந்த காந்தங்களில் ஒன்று லேசாக அசைவதைப் பார்த்தேன். அது சுற்றும்போது பிய்ந்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் அந்த வீலை அன்றே எடைக்குப் போட்டுவிட்டேன். யாராவது இதே யோசனையில் இருந்தால், ஒட்டிய பாகமோ ரிவெட் அடித்த பாகமோ உள்ள எதையும் ஃபிளைவீலாக்க வேண்டாம்.

அடுத்து முறையாக இறங்கினோம். இஎன்8 என்ற எஃகு ரகத்தின் உருண்டைக் கம்பியில் 125 மில்லிமீட்டர் விட்டம், 24 கனத்தில் ஒரு துண்டு அறுத்து வாங்கினோம். 2.3 கிலோ, 280 ரூபாய். கோவை கணபதியில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்து 120 விட்டம், 20 கனத்துக்குக் கடைந்து, நடுவில் 12 மில்லிமீட்டர் துளை போட்டோம். தராசில் 1.77 கிலோ. வார்ப்பிரும்பு வேண்டாம் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டேன். இழுவிசையில் அது திடீரென்று உடையும், உள்ளே ஊதுதுளை இருந்தாலும் வெளியே தெரியாது.

டிரில்லில் நிமிடத்துக்கு 2,800 சுற்று என்று அச்சிட்டிருந்தது. சுழலும் வேகத்தை அளக்கும் லேசர் டேகோமீட்டர் ஒன்று 750 ரூபாய்க்கு வாங்கிப் பிடித்துப் பார்த்தபோது, வட்டு மாட்டிய நிலையில் 2,650-க்கு மேல் ஏறவில்லை. அந்த வேகத்தில் வட்டுக்குள் இருக்கும் சக்தி 123 ஜூல். ஐந்து கிலோ அரிசிப் பையை இரண்டரை மீட்டர் உயரத்துக்குத் தூக்கி வைத்தது போல. எங்கள் வண்டியின் எடையும் கிட்டத்தட்ட ஐந்து கிலோதான். இதிலிருந்து எவ்வளவு வேகம் வாங்க முடியும் என்பதுதான் அடுத்த நான்கு வாரமும் எங்கள் கேள்வி.

வட்டைச் சமன் செய்ய எங்களிடம் மெஷின் எதுவும் இல்லை. இரண்டு ஸ்டீல் ஸ்கேல்களை ரசமட்டம் பார்த்து இணையாக நிறுத்தி, ஷாஃப்ட்டோடு வட்டை அதன் மேல் உருளவிட்டோம். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றது. அந்தப் பக்கம், மையத்திலிருந்து 52 மில்லிமீட்டர் தள்ளி, 5 மில்லிமீட்டர் டிரில்லால் 4 ஆழத்துக்கு மூன்று குழி போட்ட பிறகு எங்கே விட்டாலும் அங்கேயே நின்றது. மூன்று குழியிலும் சேர்த்துப் போன இரும்பு சுமார் 1.9 கிராம். கைக்குத் தெரியாத எடை. ஆனால் 2,650 சுற்றில் அது பேரிங்கை முக்கால் கிலோ விசையோடு இழுக்கிறது. இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டரின் 11,000 சுற்றில் அதே 1.9 கிராம் 13 கிலோவாகிவிடும். பையன்களில் ஒருவன் "ஆங்கிள் கிரைண்டரால் சுத்திவிட்டா 17 மடங்கு சக்தி வருமே" என்று கேட்டபோது இந்தக் கணக்கைத்தான் காட்டினேன். நல்ல இரும்பு வட்டு அந்த வேகத்தைத் தாங்கும். விளிம்பின் ஓட்டம் வினாடிக்கு 69 மீட்டர்தான் வரும், கடையில் விற்கும் கட்டிங் வீலிலேயே 80 என்று போட்டிருக்கிறார்கள். தாங்காதது எங்கள் சமன் செய்யும் முறை. ஆகவே டிரில்லைத் தாண்டவில்லை.

இருந்தும் காப்பு இல்லாமல் ஓட்டவில்லை. ஆறு இஞ்ச் இரும்புக் குழாயில் 30 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு வளையம் அறுத்து வட்டைச் சுற்றிப் பொருத்தினோம். பழைய இரும்பு விலையில் 60 ரூபாய். வண்டிக்கு 600 கிராம் கூடியது. எடை குறைக்க அதைக் கழற்றலாம் என்ற பேச்சு வந்தபோதெல்லாம் மறுத்தேன். வட்டு சுழலும் தளத்துக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது, கண்ணாடி போடாமல் யாரும் பக்கத்தில் வரக் கூடாது என்பதும் அப்படித்தான். பந்தயக் கார்களின் ஃபிளைவீல்களில் கார்பன் இழையைச் சுற்றி ரோட்டர் செய்ததற்கு ஒரு காரணம், உடைந்தாலும் அது பெரிய துண்டுகளாகப் பாயாமல் நார் நாராகப் பிரிவது. இரும்பு அப்படிப் பிரியாது.

பேரிங்கில் ஒரு வாரம் போனது. 6201 என்ற அளவில் ரப்பர் சீல் போட்டதை ஜோடி 110 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன், தூசி போகாது என்று. டிரில்லை எடுத்ததும் வட்டு 52 வினாடியில் நின்றுவிட்டது. டிரில்லை விலக்கி, கையை நகர்த்தி, வட்டைச் சக்கரத்தோடு சேர்க்கும் நெம்பைத் தட்டுவதற்கு நான்கு வினாடி ஆகிறது. அதற்குள்ளேயே 2,650 என்பது 2,350 ஆகியிருந்தது. ஐந்தில் ஒரு பங்கு சக்தி கிளம்பும் முன்பே காலி. 160 ரூபாய்க்குத் தகடு மூடி போட்ட ஜோடியை வாங்கி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து கிரீஸ் முழுவதையும் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் நான்கு சொட்டு விட்டேன். வட்டு 3 நிமிடம் 40 வினாடி சுற்றியது. ஐந்து வாரத்தில் செலவுக்குத் தகுந்த பலன் கொடுத்த ஒரே மாற்றம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்கு முன்பும் எண்ணெய் விட வேண்டும், அது ஒன்றுதான் கூடுதல் வேலை.

இனி, உண்மையாகவே வதைத்த பகுதி. சக்தியைச் சேர்ப்பது சுலபம். அதைச் சக்கரத்துக்குக் கொடுப்பதுதான் முழு வேலையும். தொடங்கும்போது வட்டு முழு வேகத்தில் இருக்கிறது, வண்டி நிற்கிறது. வண்டி வேகமெடுக்க எடுக்க வட்டு வேகம் குறைய வேண்டும். ஒன்று ஏற ஒன்று இறங்கும் இரண்டு பொருளை ஒரே பல் விகிதத்தில் கட்டினால் நடுவில் ஏதோ ஒன்று வழுக்கியாக வேண்டும்.

எங்கள் முதல் ஏற்பாடு அப்படிப்பட்டதுதான். வட்டின் முகத்தில் கைப்பம்புக்குப் போடும் தோல் வாஷரை ஒட்டி, ஸ்பிரிங் தள்ளும் ஒரு புல்லியை அதில் அழுத்தினோம். அந்த 40 மில்லிமீட்டர் புல்லியிலிருந்து பின் அச்சின் 80 மில்லிமீட்டர் புல்லிக்கு ரப்பர் பெல்ட். நெம்பை விட்டதும் தோல் கீச்சென்று கத்தி, புகைந்து, வண்டி கிளம்பியது. 24 மீட்டரில் நின்றுவிட்டது. ஒரு பேனா மூடி நிறையும் அளவுக்குக் கறுத்த தோல் துகள்கள் கீழே கிடந்தன. அன்றிரவு காகிதத்தில் கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது: இப்படி வழுக்கிப் பிடிக்கும் கிளட்ச்சில், வண்டிக்கு அதிகபட்ச வேகம் தரும் விகிதத்தை எவ்வளவு நுணுக்கமாகத் தேர்ந்தாலும் சரியாகப் பாதி சக்தி தோலிலேயே சூடாகப் போய்விடும். கால் பங்கு வண்டிக்கு, கால் பங்கு வட்டிலேயே மிச்சம். எந்தத் தோலை மாற்றினாலும் அந்தக் கணக்கு மாறாது. நான் அதற்குள் மூன்று விதத் தோல் வாங்கியிருந்தேன்.

இந்த இடத்தில்தான் பந்தயக் காரர்கள் ஏன் அவ்வளவு பாடுபட்டார்கள் என்பது தெரிந்தது. 2009-ல் ஃபார்முலா ஒன்னில் பிரேக் சக்தியைச் சேமித்துப் பயன்படுத்த அனுமதித்தபோது வரம்பு ஒரு சுற்றுக்கு 400 கிலோஜூல், 60 கிலோவாட். எங்கள் 123 ஜூலின் மூவாயிரம் மடங்குக்கும் மேல். அதற்காக இங்கிலாந்தில் ஃபிளைப்ரிட் நிறுவனம் செய்த ஐந்து கிலோ ரோட்டர் வெற்றிடத்துக்குள் 64,500 சுற்று சுழன்றது. அவர்கள் அதைச் சக்கரத்தோடு சேர்க்க விகிதம் தொடர்ந்து மாறும் டொராய்டல் வேரியேட்டரைப் போட்டார்கள். வில்லியம்ஸ் அணி வேறு வழி போனது. ரோட்டரையே மோட்டாராகவும் ஜெனரேட்டராகவும் ஆக்கி, மின்சாரமாகவே கொடுத்து வாங்கியது. அந்த வில்லியம்ஸ் ஃபிளைவீல் ஃபார்முலா ஒன் பந்தயம் எதிலும் ஓடவில்லை. ஆனால் போர்ஷேயில் ஓடியது. பிறகு ஆடி ஆர்18 இ-ட்ரான் குவாட்ரோவில் 2012 லெ மான் 24 மணிநேரத்தை வென்றது. அங்கே வென்ற முதல் ஹைப்ரிட் அதுதான். 1953-ல் சுவிட்சர்லாந்தின் இவெர்டோனில் ஓடிய ஜைரோபஸ் என்ற ஃபிளைவீல் பஸ்சும் ஒன்றரை டன் வட்டை மின்சாரம் வழியாகத்தான் சக்கரத்தோடு பேச வைத்தது. அந்த வட்டின் வேகம் 3,000 சுற்று, எங்கள் டிரில்லுக்குப் பக்கத்தில்.

மின்சாரம் எங்கள் விதியில் இல்லை. வேரியேட்டர் கடைய எங்களால் முடியாது. இரண்டு நாள் கழித்து, பக்கத்து வீட்டுப் பையன் பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆணிக்குப் பக்கத்தில் ஒல்லியான இடத்தில் தொடங்கி மேலே தடித்த இடம் வரைக்கும் சுற்றுகிறான். வீசும்போது கயிறு தடித்த இடத்திலிருந்து ஒல்லியான இடத்துக்குப் பிரிந்து வருகிறது. விகிதம் மாறிக்கொண்டே போகிறது, கடைசியில் கயிறு தானாக விடுபடுகிறது. எனக்கு வேண்டியது அதுவே.

பின் அச்சில் மரக் கூம்பு ஒன்றை மாட்டி அதில் கயிறு சுற்றுவது. கயிற்றின் மறுமுனை ஃபிளைவீல் ஷாஃப்ட்டின் மேல் ஆயில் புஷ்ஷில் (எண்ணெய் ஊறிய உலோக வளையத்தில்) ஷாஃப்ட்டோடு சுற்றாமல் சும்மா நிற்கும் 18 மில்லிமீட்டர் பாபினில். நெம்பை விட்டால் தோல் கிளட்ச் பாபினைப் பிடிக்கும், பாபின் கயிற்றை இழுக்கும், கயிறு கூம்பைச் சுற்றும். முதலில் தடித்த பக்கம், அதனால் வண்டி மெதுவாக, வலுவாகக் கிளம்பும். போகப்போக ஒல்லி, அதனால் வேகம். தோல் வழுக்குவது தொடக்கத்தில் ஒரு கணம்தான். அப்போது போகும் சக்தி பாதி அல்ல, ஏழில் ஒரு பங்கு.

மரக் கடைசல் பட்டறையில் 150 ரூபாய்க்கு, 90-லிருந்து 20 மில்லிமீட்டருக்கு இறங்கும் கூம்பு செய்து வாங்கினோம். 20 சுற்றுக்கு வாய்க்கால் வெட்டியது. கயிறு, ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள மீன்பிடிப் பின்னல் நூல். முதல் ஓட்டத்தில் வண்டி அழகாகக் கிளம்பி, ஐந்தாவது மீட்டரில் துள்ளி, நூல் அறுந்தது. இரண்டாவதிலும் அதே இடம். நான் மறந்தது இது: கூம்பு ஒல்லியாகும் அதே நேரத்தில் பாபினில் நூல் அடுக்கடுக்காகச் சேர்ந்து அது தடிக்கிறது. 18 விட்டம் முடிவில் 23 ஆகிறது. இரண்டும் ஒரே திசையில் விகிதத்தைத் தள்ள, கடைசிச் சுற்றுகளில் வட்டால் இழுக்க முடியாத அளவுக்குச் சுமை. அடுத்த கூம்பை 90-லிருந்து 40-க்கு இறக்கினேன். நூல் அறுவது நின்றது.

இடையில் இன்னொரு வேலை. கிளட்ச் நடுங்கிப் பிடிக்கிறது என்று, நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் வட்டின் முகமும் விளிம்பும் 0.12 மில்லிமீட்டர் ஆடின. ஒரு பக்கம் கடைந்துவிட்டுத் திருப்பிப் பிடித்ததால் வந்த வினை. லேத்காரர் அப்போதே சொல்லியிருந்தார்: "ஷாஃப்ட்டுல ஏத்தி ரெண்டு சென்டருக்கு நடுவுல வெச்சுக் கடைஞ்சாத்தானுங்க நேரா ஓடும்." நான்தான் அவசரப்படுத்தினேன். இப்போது அப்படியே கடைந்து 0.02-க்குக் கொண்டுவந்தார். ஆனால் வட்டு நேரானதும், கோணலைச் சரிக்கட்டப் போட்ட என் மூன்று குழிகளே பாரக்குறைவாகிவிட்டன. எதிர்ப்பக்கம் இன்னும் மூன்று குழி போட வேண்டியதாயிற்று. கடைசல் முழுவதும் முடியாமல் சமன் செய்ய உட்காரக் கூடாது.

ஒரு சம்பவத்தையும் சொல்லியாக வேண்டும். சுவரோரம் பிளக் பாயின்ட் பக்கத்தில் வட்டைச் சுற்றிவிட்டு, வண்டியைக் கையில் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு நடந்தான் மருமகன். திரும்பியபோது வண்டி அவன் மணிக்கட்டைப் பக்கவாட்டில் முறுக்கிவிட்டது. பிடி நழுவிக் கீழே விழுந்து, முன் அச்சு வளைந்தது. காயமில்லை. சுழலும் வட்டை அதன் அச்சு திரும்பும்படி நகர்த்தினால் அது வேறு திசையில் தள்ளும் என்று நாலு பேருக்கும் பாடத்தில் தெரியும். கைக்குத் தெரிந்தது அன்றுதான். அதன் பிறகு எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்து, வண்டி கோட்டில் நிற்கும்போது மட்டுமே முடுக்கினோம். அதோடு நூலைக் குறுக்காகச் சுற்றி, வட்டு சக்கரங்களுக்கு எதிர்த்திசையில் சுழலும்படி மாற்றினேன். ஒரே திசையில் சுழன்றால் வண்டி திரும்பும்போது வெளிப்பக்கம் சாய்க்கும், எதிர்த்திசையில் உள்பக்கம் அழுத்தும். நேர்ப்பாதைப் பந்தயத்துக்கு இது பெரிதாகத் தேவையில்லை. ஆனால் சக்கரம் கோணலாகி வண்டி ஒதுங்கிய இரண்டு ஓட்டங்களில் அது கவிழாமல் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு ஓட்டம் ஓட்டினோம். நூல் ஆறு மீட்டர் சொச்சத்தில் விடுபட்டு விழுகிறது, அதற்குள் வண்டி மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடுகிறது. மிச்சம் முழுவதும் சும்மா உருளுவதுதான். ஏழில் ஐந்து ஓட்டம் 8.8-க்கும் 9.2-க்கும் நடுவில். ஒன்றில் நூல் பாபினில் ஒருபக்கமாகக் குவிந்து இழுப்பு தாறுமாறானது, இன்னொன்றில் நெம்பு முழுதாக விழவில்லை. மற்ற மூன்று வண்டிகளில் இரண்டு இன்னும் தோல் கிளட்ச்சோடு போராடுகின்றன. ஒன்று சைக்கிள் செயினில் நேரடியாகக் கோத்து, 30 மீட்டரை 12 வினாடியில் கடந்தது. அவர்களுக்குக் கூம்பின் அளவுகளைக் கொடுத்துவிட்டோம்.

3,600 ரூபாயில் 650 தவறான வழிகளுக்குப் போனது: மேக்னெட் வீல், ரப்பர் சீல் பேரிங், பெல்ட்டும் புல்லியும், முதல் கூம்பு. மறுபடி செய்தால் 90 விட்டப் பக்கத்தை இன்னும் பெரிதாக்கி, சக்கரங்களின் விட்டத்தையும் 100 மில்லிமீட்டரிலிருந்து 150-க்கு ஏற்றுவேன். கடினமான டிராலி சக்கரம் காங்கிரீட்டில் நன்றாகவே உருளுகிறது, ஆனால் சின்னப் பள்ளம்கூட அதைப் பிடித்துக்கொள்கிறது. பாபினில் நூல் ஒழுங்காக அடுக்க ஒரு வழிகாட்டிக் கம்பியும் வேண்டும். எக்காரணம் கொண்டும் வேகத்தைக் கூட்டப் போவதில்லை. சமன் செய்யும் மெஷின் வைத்திருப்பவரிடம் வட்டைக் கொடுத்து வாங்கும் வரை 2,650 போதும்.

கூட்டவும் தேவையில்லை, ஏனென்றால் மிச்சம் இருக்கிறது. 43-வது மீட்டரில் வண்டி நின்றதும் மருமகன் ஓடிப்போய் டேகோமீட்டரை வட்டில் பிடித்தான். 1,420. முதலில் இருந்த சக்தியில் நாலில் ஒரு பங்குக்கு மேல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. நூல் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. கூம்பை 70-லிருந்து 110 மில்லிமீட்டர் நீளமாக்கி, முடிவில் 34-க்கு இறக்கி, 31 வாய்க்கால் போடச் சொல்லி நேற்றுத்தான் கடைசல் பட்டறையில் வரைபடத்தைக் கொடுத்தேன். புதன்கிழமை கிடைக்கும்.